முதலில் போன மருந்துதான் பேசும்: தசைத் தளர்த்திகள் ஒன்றோடொன்று மோதும்போது

வயிற்றை மூட இன்னும் பத்து நிமிட வேலைதான் பாக்கி. குடல் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. "டைட்டா இருக்கு, கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்க" என்கிறார் அறுவை மருத்துவர். தசையைத் தளர்த்தத் தொடக்கத்திலிருந்து கொடுத்தது அட்ராகுரியம். கடைசி டோஸ் போட்டு அரை மணி ஆகிறது. கட்டைவிரலில் நான்கு மின்தூண்டலுக்கு (டி.ஓ.எஃப்.) மூன்று துடிப்பு திரும்பிவிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு தளர்த்தி, ஒரு சிரிஞ்சு ரோகுரோனியம் இருக்கிறது. நோயாளியின் எடை 60 கிலோ. 10 மி.கி., அதாவது 1 மி.லி. போட்டால் என்ன ஆகிவிடப்போகிறது?

தளர்த்தி எதுவுமே பெறாத 60 கிலோ ஆளுக்கு அந்த 10 மி.கி. துடிப்பின் உயரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டு அடங்கிவிடும். இங்கே அப்படி நடக்காது. மூன்று துடிப்பும் காணாமல் போகும். திரும்பிவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அட்டவணையில் இருக்கும் டோஸ்கள் எல்லாம் காலியான நரம்புத்தசைச் சந்திப்புக்குக் கணக்கிட்டவை. இரண்டாவதாக வரும் எந்த மருந்துக்கும் அந்த இடம் காலியாகக் கிடைப்பதில்லை.

சந்திப்பில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தசையின் பக்கம் இருக்கும் ஏற்பி ஐந்து துண்டுகளால் ஆனது. அதில் ஆல்ஃபா இரண்டு. நரம்பு முனை அனுப்பும் தூதுப்பொருள் அசிட்டைல்கோலின்; இரண்டு ஆல்ஃபாவிலும் ஒவ்வொன்று உட்கார்ந்தால்தான் வழி திறக்கும். ஒன்றில் தளர்த்தி மருந்து உட்கார்ந்துவிட்டால் போதும், அந்த ஏற்பி வேலைக்கு ஆகாது. ஆனால் தேவைக்கு மிகுதியான ஏற்பிகளை உடல் வைத்திருக்கிறது. 70 முதல் 75 சதவீதம் ஏற்பிகள் அடைபடும்வரை துடிப்பில் ஒரு குறையும் தெரியாது. 90, 95 சதவீதத்தைத் தொட்டால் துடிப்பு அடியோடு நின்றுவிடும். நாம் பார்ப்பதும் அளப்பதும் எல்லாம் இந்த இருபது சதவீத இடைவெளிக்குள்தான். மூன்று துடிப்பு வந்துவிட்டது என்றால் முக்கால் பங்குக்கும் மேல் இன்னும் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் அந்த நிலையில் போகும் சிறு டோஸ்கூடப் பெரிதாக வேலை செய்கிறது.

இனி எந்த மருந்தோடு எது என்ற கேள்வி. டிபோலரைஸ் செய்யாத, அதாவது ஏற்பியைத் திறக்காமல் அடைக்கும் தளர்த்திகள் இரண்டு குடும்பம். ரோகுரோனியம், வெகுரோனியம், பான்குரோனியம் ஆகியவை ஸ்டீராய்டு குடும்பம். அட்ராகுரியம், சிஸ்அட்ராகுரியம், மிவாகுரியம் ஆகியவை பென்சைல்ஐசோகுவினோலின் குடும்பம். ஒரே குடும்பத்துக்குள் இரண்டைச் சேர்த்தால் பெரும்பாலும் சாதாரணக் கூட்டல்தான்: அரையும் அரையும் சேர்ந்து ஒன்று. குடும்பம் மாறினால் அரையும் அரையும் ஒன்றைத் தாண்டிவிடும். துடிப்பை 95 சதவீதம் குறைக்கும் டோஸை இ.டி.95 என்கிறோம். ரோகுரோனியத்துக்கு அது கிலோவுக்கு 0.3 மி.கி., சிஸ்அட்ராகுரியத்துக்கு 0.05 மி.கி. இரண்டிலும் பாதிப் பாதி, அதாவது 0.15 மி.கி., 0.025 மி.கி. என்று சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியாக ஒரு முழு இ.டி.95 கொடுத்ததைவிட அடைப்பு ஆழமாகும். ஏற்பியின் இரண்டு பைகளும் ஒன்றுபோல இல்லை. ஒரு ஆல்ஃபா எப்சிலானோடு ஒட்டியிருக்கிறது, மற்றது டெல்டாவோடு. ஒரு குடும்பம் ஒரு பையையும் மற்றது இன்னொரு பையையும் விரும்பிப் பிடிப்பதால் இப்படி ஆகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நரம்பு முனையின் பக்கம் இருக்கும் ஏற்பிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

மிவாகுரியமும் பான்குரோனியமும் சேர்ந்தால் இன்னும் ஒரு சிக்கல். மிவாகுரியத்தை உடைப்பது பிளாஸ்மாவில் இருக்கும் கோலினெஸ்டெரேஸ் நொதி. பான்குரோனியம் அந்த நொதியையே தடுக்கும். அடைப்பும் ஆழமாகிறது, மருந்து உடைவதும் தாமதமாகிறது. குறுகிய நேர மருந்து என்று நம்பிப் போட்டது நீண்டுபோகும்.

குடும்பம் விட்டுக் குடும்பம் கலந்தால் மருந்து மிச்சமாகும், அடைப்பும் வேகமாக வரும் என்று சிலர் வேண்டுமென்றே கலப்பதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. சில மில்லிகிராம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் அறுவை முடியும்போது எதை எதனால் ரிவர்ஸ் செய்வது, அதாவது அடைப்பை முறிப்பது, என்ற தெளிவை இழக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நேரக் கணக்குக்கு வருவோம். முதலில் நீண்ட நேர மருந்து, பிறகு குறுகிய நேர மருந்து என்று மாற்றினால், இரண்டாவது மருந்து தன் இயல்பைக் காட்டாது. பான்குரோனியத்தில் ஆரம்பித்த ஆளுக்கு, கடைசி நேரத்துக்கு என்று வெகுரோனியம் கொடுத்தால், அந்த வெகுரோனியமும் பான்குரோனியம் போலவே நீளும். ஏற்பிகளில் பெரும்பகுதியை இன்னும் பிடித்து வைத்திருப்பது பழைய மருந்து. புதியது வந்து மேல் விளிம்பை மட்டும் நிரப்புகிறது. புதியது விலகிய பிறகும் மீட்சியின் வேகத்தை முடிவு செய்வது பழையது ரத்தத்திலிருந்து இறங்கும் வேகம்தான். திருப்பிப் போட்டாலும் இதே விதிதான்: குறுகிய மருந்தின் மிச்சத்தின் மேல் போகும் நீண்ட மருந்தின் முதல் டோஸ், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விடும். முதல் மருந்தின் மூன்று அரை ஆயுள் (மருந்து பாதியாகக் குறையும் நேரம்) கடந்தால்தான் இரண்டாவதன் குணம் மேலோங்கும். அப்போதும் முதல் மருந்தில் எட்டில் ஒரு பங்கு உடலில் இருக்கும். வெகுரோனியத்தின் அரை ஆயுள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆக மூன்று மணி நேரத்துக்கும் மேல். சிஸ்அட்ராகுரியத்துக்கு 22 முதல் 29 நிமிடம், ஆக ஒன்றேகால் மணி நேரம் அளவில். பான்குரோனியத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஆறு மணி. பெரும்பாலான அறுவைகள் அதற்குள் முடிந்துவிடும். அதனால் நடைமுறையில் 'மருந்தை மாற்றிவிட்டோம்' என்று சொல்வதற்குப் பெரும்பாலும் பொருளே இல்லை.

வயிற்றை மூடும் அந்த நோயாளிக்கு என்ன செய்யலாம்? முதலில், இறுக்கம் தளர்த்தி போதாததால்தானா என்று பாருங்கள். உதரவிதானம் கட்டைவிரலைவிட மருந்துக்கு அதிகம் தாக்குப்பிடிக்கும், முன்னதாகவே விழித்துக்கொள்ளும். மயக்கத்தின் ஆழம் குறைந்திருந்தால் நோயாளி முக்கி வயிற்றை இறுக்குவார். அதற்குத் தளர்த்தி தேவையில்லை. 20 அல்லது 30 மி.கி. புரோபோஃபோல், கொஞ்சம் ஓபியாய்டு, ஆவி மருந்தின் அளவைச் சற்றுக் கூட்டுவது, இதுவே பத்து நிமிடத்தை ஓட்டிவிடும். இரைப்பையில் காற்று நிறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் பிறகும் தளர்த்திதான் வேண்டுமென்றால், ஏற்கெனவே ஓடும் மருந்தையே கொடுங்கள்: அட்ராகுரியம் 5 மி.கி. அது 15, 20 நிமிடத்தில் விலகும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

இதே இடத்தில் சக்ஸினைல்கோலினை நினைப்பவர்களும் உண்டு. தியேட்டரில் பலரும் ஸ்கோலின் என்றே சொல்லும் அந்த மருந்தின் குணம் வேறு. அது ஏற்பியை மூடுவதில்லை; திறந்து பிடித்துக்கொள்கிறது. இரண்டு அசிட்டைல்கோலினை முதுகோடு முதுகாக ஒட்டியது போன்ற மூலக்கூறு. கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. போட்டால் ஒரு நிமிடத்தில் பிடித்து 5, 10 நிமிடத்தில் விடும். மற்ற தளர்த்திகள் ஏற்பியைத் திறக்கவிடாமல் தடுப்பவை. ஆகவே இருவரும் எதிரிகள். அந்தப் பகை எந்த வடிவம் எடுக்கும் என்பதை யார் முதலில் வந்தார் என்பதே தீர்மானிக்கிறது.

ஸ்கோலின் முதலில், மற்றது பிறகு. இதுதான் அன்றாடம் நடப்பது. ஸ்கோலினுக்குப் பின் வரும் வெகுரோனியம் போன்றவற்றின் வேலை பலமாகவும் நீளமாகவும் இருக்கும். அட்ராகுரியத்தில் அடைப்பு சீக்கிரமாக வரும், ஆழமும் கூடலாம். அதனால் முதல் டோஸைக் குறைக்க வேண்டும். இன்னொன்று அதைவிட முக்கியம்: ஸ்கோலின் விலகியதை மானிட்டரில் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். மூச்சுக் குழாய் போட்ட கையோடு, "எப்படியும் மூச்சு வந்துவிடும்" என்று வெகுரோனியத்தையும் போட்டுவிட்டால், ஸ்கோலினையும் உடைக்கும் பிளாஸ்மா கோலினெஸ்டெரேஸ் நொதியில் குறைபாடு உள்ள ஒருவர் நம் கண்ணில் படாமலே போய்விடுவார். அவருக்கு ஸ்கோலின் மணிக்கணக்கில் நிற்கும். அறுவை முடிவில் துடிப்பு வராததைப் பார்த்து 'வெகுரோனியம் மிச்சம்' என்று நினைத்து, அடைப்பை முறிக்கும் நியோஸ்டிக்மின் போடுவோம். நியோஸ்டிக்மின் பிளாஸ்மா கோலினெஸ்டெரேஸையும் தடுக்கும். கொஞ்சநஞ்சம் இருந்த நொதியும் முடங்கும். ஒரு துடிப்புக்காகச் சில நிமிடம் காத்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. வரவில்லை என்றால் மயக்கத்தைத் தொடர்ந்து, வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பின்னர் அந்த நொதியின் தரத்தைக் காட்டும் டிபுகெய்ன் எண்ணுக்கு ரத்தம் அனுப்ப வேண்டும். இயல்பானவர்களுக்கு அது 80 அளவில் இருக்கும், இரு பெற்றோரிடமிருந்தும் மாறிய மரபணு பெற்றவருக்கு 20 அளவில்.

சிறு டோஸ் மற்றது முதலில், ஸ்கோலின் பிறகு. உடல் நடுங்கித் துடிப்பதையும் மறுநாள் தசைவலியையும் குறைக்க இந்த வழி. ரோகுரோனியத்தில் இ.டி.95-இன் பத்தில் ஒரு பங்கு, கிலோவுக்கு 0.03 மி.கி. 60 கிலோவுக்கு 1.8 மி.கி., 0.2 மி.லி.க்கும் குறைவு. சிரிஞ்சில் கை தவறினால் டோஸ் இரட்டிப்பாகும் அளவு சிறியது. நீர்த்து எடுப்பதே நல்லது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஸ்கோலின். ஆனால் முன்னால் போனது ஏற்பிகளில் இடம் பிடித்துவிட்டதால் ஸ்கோலின் டோஸைக் கிலோவுக்கு 1.5 முதல் 2 மி.கி. வரை உயர்த்த வேண்டும். வழக்கமான 1 மி.கி. போட்டால் தாடை சரியாகத் தளராது, குரல்நாண்கள் அசையும். இந்த இடைவெளியில் விழித்திருக்கும் நோயாளிக்கு இரட்டைப் பார்வை, கண்ணிமை கனம், விழுங்க முடியாமை வரலாம். வயிறு நிறைந்தவருக்கு, ஏற்கெனவே தசை பலவீனம் உள்ளவருக்கு, இதனால் புரையேறும் ஆபத்து கூடுகிறது. அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முக்கியமாக, இந்த முன்டோஸ் பொட்டாசியம் ஏற்றத்தைத் தடுக்காது. சாதாரண ஆளுக்கு ஏற்றம் லிட்டருக்கு 0.5 மில்லிமோல் அளவுதான். தீக்காயம் பட்டுச் சில நாளானவர், தண்டுவடம் அடிபட்டவர், நாள்கணக்கில் அசையாமல் படுத்திருப்பவர், இவர்களுக்கு இதயம் நிற்கும் அளவுக்கு ஏறலாம். 'முன்டோஸ் கொடுத்துவிட்டேன், ஸ்கோலின் பரவாயில்லை' என்பது மிகத் தவறான தைரியம்.

மற்றது பாதி விலகிய நிலையில் ஸ்கோலின். வயிறு மூடும் நேரத்து யோசனை இதுதான். பலன் கணிக்க முடியாதது. மிச்ச அடைப்பு லேசாக இருந்து ஸ்கோலின் குறைவாகப் போனால், துடிப்பு குறைவதற்குப் பதில் கூடக்கூடும், அதாவது இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதிகமாகப் போட்டால் இரண்டு வகை அடைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். டி.ஓ.எஃப். காட்டும் தேய்வு (நான்காவது துடிப்பு முதலாவதைவிடச் சிறுப்பது) பழைய மருந்தினுடையதா, ஸ்கோலின் அளவு மிஞ்சினால் வரும் இரண்டாம் கட்ட அடைப்பா என்று பிரித்தறிய முடியாது. இதைச் செய்வதற்கு ஒரு நல்ல காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நியோஸ்டிக்மினுக்குப் பிறகு ஸ்கோலின். குழாயை எடுத்ததும் குரல்வளை இறுகிவிடுகிறது, அழுத்தக் காற்றும் புரோபோஃபோலும் பலிக்கவில்லை, ஆக்சிஜன் இறங்குகிறது. ஸ்கோலின் கொடுக்கத்தான் வேண்டும், தயங்கக் கூடாது. ஆனால் நொதி தடைபட்டிருப்பதால் பத்து நிமிட மருந்து அரை மணி நேரம்கூட நிற்கலாம். இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, மயக்கத்தைத் திரும்பத் தொடங்கி, மூச்சை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். விழித்த நிலையில் அசைய முடியாமல் ஒருவரைக் கிடக்கவிடுவதைவிடக் கொடுமையான தவறு நம் தொழிலில் குறைவு.

இப்போது சுகமாடெக்ஸ். இது ஏற்பியைத் தொடுவதே இல்லை. வளையம் போன்ற ஒரு சர்க்கரை மூலக்கூறு. ரத்தத்தில் இருக்கும் ரோகுரோனியத்தை உள்ளே இழுத்துப் பூட்டிவிடும். ஒன்றுக்கு ஒன்று. ரோகுரோனியம் புரோமைடின் மூலக்கூறு எடை 610 அளவு, சுகமாடெக்ஸ் சோடியத்தினுடையது 2178. ஆக 1 மி.கி. ரோகுரோனியத்தைப் பூட்ட 3.6 மி.கி. சுகமாடெக்ஸ் வேண்டும். இரண்டாவது துடிப்பு வந்த பிறகு கிலோவுக்கு 2 மி.கி.; டி.ஓ.எஃப். பூஜ்யமாக இருந்து டெட்டனிக் (தொடர் வேக) தூண்டலுக்குப் பிறகு ஒன்றிரண்டு துடிப்பு மட்டும் வரும் ஆழத்தில் 4 மி.கி.; கிலோவுக்கு 1.2 மி.கி. ரோகுரோனியம் போட்டு மூன்று நிமிடத்தில் அவசரமாக மீட்க வேண்டுமென்றால் 16 மி.கி. வெகுரோனியத்தையும் பிடிக்கும், பான்குரோனியத்தை அரைகுறையாக. பென்சைல்ஐசோகுவினோலின் குடும்பத்தையும் ஸ்கோலினையும் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

கலப்பின் முழு விலை இங்கேதான் தெரியும். அட்ராகுரியத்தின் மேல் 10 மி.கி. ரோகுரோனியம் போட்டவருக்கு 120 மி.கி. சுகமாடெக்ஸ் கொடுத்தால், ரோகுரோனியம் முழுவதும் பூட்டப்படும். அதற்கு 36 மி.கி.யே போதும். மிச்சம் 84 மி.கி.க்கு வேலையே இல்லை. அட்ராகுரியம் அப்படியே இருக்கும். துடிப்பு சட்டென்று உயர்ந்து பாதியில் நின்றுவிடும். 'சுகமாடெக்ஸ் போட்டாயிற்று' என்ற நிம்மதியில் குழாயை எடுத்தால், தொண்டைத் தசைகள் பலவீனமாகவே இருக்கும். கையால் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது: டி.ஓ.எஃப். விகிதம் (நான்காவது துடிப்பை முதலாவதால் வகுத்தது) 0.4-ஐத் தாண்டிவிட்டால் தேய்வு விரலுக்குத் தெரியாது, நமக்கு வேண்டியதோ 0.9. எண்ணைக் காட்டும் மானிட்டர் இருந்தால் அதை நம்புங்கள். கலந்தாகிவிட்டது என்றால், நான்கு துடிப்பும் வரும்வரை காத்திருந்து நியோஸ்டிக்மினால் ரிவர்ஸ் செய்வதே நேரான வழி. அது எந்தக் குடும்பம் என்று பார்ப்பதில்லை. கிலோவுக்கு 0.03 முதல் 0.07 மி.கி., மொத்தம் 5 மி.கி.க்கு மேல் வேண்டாம்; ஒவ்வொரு மில்லிகிராமுக்கும், அதனால் இதயத்துடிப்பு குறையாமல் இருக்க, 0.2 மி.கி. கிளைக்கோபைரோலேட். ஆழ்ந்த அடைப்பில் எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை, அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

சுகமாடெக்ஸ் கொடுத்த பிறகு திரும்ப அறுவை மேசைக்கு வருபவர்கள் விஷயம் தனி. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதன் அரை ஆயுள் இரண்டு மணி நேரம். நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் கால் பங்கு உலவிக்கொண்டிருக்கும். (இனி வரும் டோஸ்கள் எல்லாம் கிலோவுக்கு.) 4 மி.கி. வரை பெற்றவருக்கு, ஐந்து நிமிடம் கடந்தபின் ரோகுரோனியம் 1.2 மி.கி. கொடுக்கலாம், ஆனால் முதல் அரை மணி நேரத்துக்குள் என்றால் பிடிக்க நான்கு நிமிடம்கூட ஆகலாம், கால் மணி நேரத்திலேயே விட்டுவிடவும் செய்யலாம். 0.6 மி.கி. ரோகுரோனியம் அல்லது 0.1 மி.கி. வெகுரோனியம் என்றால் நான்கு மணி நேரம் கழிய வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால், அல்லது 16 மி.கி. பெற்றிருந்தால், 24 மணி நேரம். அவசரம் என்றால் குடும்பத்தை மாற்றிவிடுவதே நல்லது: சிஸ்அட்ராகுரியம், அல்லது தடையில்லாத இடத்தில் ஸ்கோலின். குடும்பம் மாற்றுவதை நான் மனமார ஏற்கும் ஒரே இடம் இதுதான்.

தளர்த்தி அல்லாத மருந்துகளும் இதே இருபது சதவீத இடைவெளியில் கை வைக்கும். மெக்னீசியம் அவற்றில் முதன்மையானது. நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து அசிட்டைல்கோலின் வெளியேற்றத்தையே குறைத்துவிடும். கர்ப்பகால வலிப்புக்கு 4 கிராம் ஏற்றி, தொடர்ந்து சொட்டும் ஓடும் தாய்க்கு, தளர்த்தியின் பராமரிப்பு டோஸைக் குறைத்து, ஒவ்வொரு டோஸுக்கும் முன் துடிப்பைப் பார்க்க வேண்டும். முழுதாக மீண்டவருக்குக்கூட, ரிகவரி அறையில் மெக்னீசியம் வேகமாக ஏற்றினால் பலவீனம் திரும்பும். ஜென்டாமைசின், அமிகாசின், பாலிமிக்சின், கிளிண்டாமைசின் ஆகியவையும் அடைப்பைக் கூட்டும். வயிற்றுக்குள் கழுவ ஊற்றும் நியோமைசினும் இதில் சேரும், அது சார்ட்டில் எழுதப்படாமலே போவதுண்டு. ஆவி மருந்துகளில் டெஸ்ஃப்ளூரேன் அதிகம் கூட்டும், அடுத்து செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன். புரோபோஃபோல் மட்டும் ஓடுபவருக்கு இந்தக் கூடுதல் இல்லை. உடல் வெப்பம் இரண்டு டிகிரி இறங்கினாலே வெகுரோனியத்தின் நேரம் இரட்டிப்பாகலாம். எதிர்த்திசையில் வலிப்பு மருந்தான ஃபெனிடாய்ன்: வாரக்கணக்கில் சாப்பிடுபவருக்கு ஸ்டீராய்டு குடும்பத் தளர்த்திகள் சீக்கிரம் தீர்ந்துபோகும், அட்ராகுரியம் அவ்வளவாகப் பாதிக்கப்படாது. அறுவைக்கு நடுவே முதல்முறை நரம்பில் ஏற்றும் ஃபெனிடாய்ன் இதற்கு நேர்மாறாக அடைப்பைக் கூட்டும்.

ஏற்பிக்குப் போகும் முன்பே, ட்யூபிலேயே நடக்கும் மோதலும் உண்டு. மயக்க மருந்தான தயோபென்டோன் காரத்தன்மை உள்ளது. அதன் பின்னாலேயே ரோகுரோனியத்தையோ வெகுரோனியத்தையோ அட்ராகுரியத்தையோ தள்ளினால் வெள்ளையாகத் திரிந்து கான்யூலாவை அடைத்துவிடும். மூச்சு நின்றுவிட்டது, தளர்த்தி உள்ளே போகவில்லை, போட இருந்த வழியும் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் சலைன் தள்ளிக் கழுவ வேண்டும். சுகமாடெக்ஸும் ஒண்டான்செட்ரானோடு, ரானிடிடினோடு, வெரப்பமிலோடு ஒரே ட்யூபில் சேராது; குழாய் எடுக்கும் நேரத்தில் வாந்தித் தடுப்பு மருந்தும் அதே வழியில் போவது வழக்கம் என்பதால் அங்கும் கழுவல் தேவை.

சார்ட்டில் நான்கு விஷயங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும்: எந்தத் தளர்த்தி, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, ரிவர்ஸ் செய்தது எதனால் எவ்வளவு, குழாய் எடுக்கும்போது டி.ஓ.எஃப். விகிதம் என்ன. ரத்தக்கசிவோடு இரவு இரண்டு மணிக்கு அதே நோயாளி திரும்ப மேசைக்கு வந்தால், அடுத்து கைக்கு எடுக்க வேண்டிய சிரிஞ்சு எது என்பது அந்த நான்கு வரியைப் பார்த்துத்தான் தெரியும்.